புதுப் பூச்சுக்கு எந்தப் பெயிண்ட்? திருவட்டார் அக்காவுக்குப் பதில்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மட்டும் மனதை விட்டுப் போகவே இல்லை. திருவட்டாரில் இருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார்: "தம்பி, ஐப்பசியில் உள்பூச்சு முடிந்தது, தை பிறந்ததும் பால் காய்ப்பு வைத்திருக்கிறோம், பெயிண்டர் நாளைக்கே பட்டி (பெயிண்டுக்கு முன் சுவரை வழவழப்பாக்கப் பூசும் மாவு) பார்க்கலாம் என்கிறார். எந்தக் கம்பெனி பெயிண்ட் எடுத்தால் உரியாமல் நிற்கும்?"

அக்கா, கம்பெனி பெயர் எதுவும் நான் சொல்லப்போவதில்லை. நம் பேச்சுகளைத் தொடர்ந்து கேட்கிறவர்களுக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியும். புது வீட்டில் பெயிண்ட் உரிகிறது என்றால் பெரும்பாலும் டப்பாவில் குறை இல்லை, சுவர் காயவில்லை. பூச்சு வேலை பற்றிப் பேசியபோதும் இதைத்தான் சொன்னேன், இன்றும் அதையே சொல்கிறேன்.

உள்சுவரில் பூச்சு வழக்கமாக 12 மில்லிமீட்டர்தான். ஆனால் கொத்தனார் பூசும்போது கலவையில் இருந்த தண்ணீர், அப்புறம் ஒரு வாரம் நாம் நனைத்த தண்ணீர், கட்டும்போதே செங்கல் குடித்த தண்ணீர் எல்லாம் அந்த 12 மில்லிமீட்டர் வழியாகத்தான் வெளியே வரவேண்டும். அதற்குள் பட்டியும் பெயிண்டும் போட்டு வாசலை அடைத்தால் அது எங்கே போகும்? பெயிண்டைத் தள்ளிக்கொண்டு வரும். வரும்போது சும்மாவும் வராது, சிமெண்டிலும் மணலிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வரும். சுவரில் பஞ்சு போல வெள்ளையாகப் பூத்து நிற்கிறதே, அது அந்த உப்புதான்.

28 நாள் போதும் என்று பொதுவாகச் சொல்வார்கள். சித்திரை வெயிலில் 28 நாளும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் 28 நாளும் ஒன்றா? நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்று அடிக்கிற வெட்டவெளியில் நிற்கும் வீடு வேறு, திருவட்டாரில் சுற்றிலும் ரப்பர் மரம் நிற்க வெயிலே எட்டிப்பார்க்காத வீடு வேறு. அதனால் நாளை எண்ண வேண்டாம், சுவரைப் பாருங்கள்.

எப்படிப் பார்ப்பது? இரண்டு சாண் அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தாளை எடுத்து, நாலு பக்கமும் காற்றுப் புகாதபடி டேப் ஒட்டி ராத்திரி முழுக்க சுவரில் விடுங்கள். காலையில் தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தாலோ, அந்த இடம் மட்டும் கறுத்திருந்தாலோ பட்டி வேண்டாம். ஹால் சுவரில் மட்டும் ஒட்டிவிட்டுத் திருப்திப்படாதீர்கள். குளியலறையை ஒட்டின சுவர், வடக்குப் பக்க அறை, ஜன்னலுக்குக் கீழே, இங்கெல்லாம் ஒட்டிப் பாருங்கள்.

முட்டம் பக்கம் ஒரு வீட்டைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். நல்ல விலை உயர்ந்த எமல்ஷன்தான், அதாவது தண்ணீர் கலக்கிற சுவர்ப் பெயிண்ட்தான் அடித்திருந்தார்கள். வடக்கு அறையில் மட்டும் இடுப்பு உயரத்துக்குக் கொப்புளம். ஒன்றை நகத்தால் குத்தினேன், பெயிண்ட் பட்டியோடு சேர்ந்து ஏடாக உரிந்து வந்தது, பின்னால் பூச்சு ஈரமாகவே இருந்தது. பூச்சுக்கு உப்புத் தண்ணீர் போர்வெல்லைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கடற்கரைப் பக்கம் உள்ளவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள்: அந்த உப்பு சுவருக்குள் இருந்துகொண்டே காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். எங்கும் ஒழுகாது, ஆனாலும் மழைக்காலம் வந்தால் சுவர் நனையும். மேலே எத்தனை பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கிற அடிக்கோட்டு) அடித்தாலும் அப்படி நனைவது நிற்காது.

உப்பு பூத்திருந்தால் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது கரைந்து திரும்ப உள்ளே போகும். சில நாள் விட்டு மறுபடி பாருங்கள். பூப்பது நின்றால்தான் அடுத்த வேலை.

சுவர் காய்ந்துவிட்டது என்றால் மீதி எளிது. வெள்ளை சிமெண்ட் பட்டி இரண்டு கோட்டு, இரண்டும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். கொத்தனார் விட்ட பள்ளத்தைப் பட்டியால் நிரப்பச் சொல்லாதீர்கள், அது பட்டியின் வேலை இல்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் ராத்திரி டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து அடித்துப் பாருங்கள், பகலில் தெரியாத மேடு பள்ளமெல்லாம் நிழல் விழுந்து தெரியும். தூசியைத் துடைத்துவிட்டு, தண்ணீர் கலக்கிற பிரைமர் ஒன்று, எமல்ஷன் இரண்டு. எமல்ஷன் கோட்டுக்கு இடையில் நாலு மணி நேரம் என்று டப்பாவில் போட்டிருந்தாலும், மழை நாளில் மறுநாள் வரை விடுங்கள். மினுமினுப்பு இல்லாத எமல்ஷன் சுவரின் குறையை மறைக்கும், பளபளப்பு அத்தனையையும் காட்டிக்கொடுக்கும்.

எண்ணெய் பெயிண்ட் மட்டும் புதுப் பூச்சில் வேண்டவே வேண்டாம். புது சிமெண்டில் காரம் அதிகம். தேங்காய் எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் கலந்து வீட்டில் சோப்பு செய்கிறவர்களுக்கு இது புரியும். ஈரச் சுவரில் அதே வேலைதான் நடக்கும், பெயிண்டில் உள்ள எண்ணெய் காரத்தோடு சேர்ந்து சோப்பாகி, பெயிண்ட் பிசுபிசுத்துப் போகும்.

அக்கா, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பால் காய்ப்புக்கு முன்னால் பெயிண்ட் அடித்தே தீரவேண்டுமா? வேண்டாம். வெள்ளை சிமெண்டைக் கரைத்து அடித்துவிட்டுப் பாலைக் காய்ச்சுங்கள். சுவர் வெளுப்பாக இருக்கும், ஈரமும் அதன் வழியாக வெளியேறும், சொந்தக்காரர்கள் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஜன்னல் எல்லாம் பகலில் திறந்து கிடக்கட்டும். மாசி, பங்குனி வெயில் அடித்து முடிந்ததும் பொடி உதிர்கிற இடங்களைச் சுரண்டிவிட்டுப் பட்டி பாருங்கள். பெயிண்டர் கோபித்துக்கொண்டால் தேதியை இப்போதே பேசி முன்பணம் கொடுத்து வையுங்கள்.

இன்றைக்கு ராத்திரியே தாளை ஒட்டுங்கள். காலையில் உள்பக்கம் தெரிகிற மாதிரி படம் எடுத்து, எந்த அறை, எந்தத் திசைச் சுவர் என்று எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்த பிறகு ஹாலுக்கு என்ன நிறம் என்று பேசுவோம்.