கையை வைத்துத்தான் பாருங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். நேரம் குறைவு என்று சொல்லிவிட்டார்கள், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். மேசை மேல் ஒரு செம்புத் தகடு, ஒரு அலுமினியத் தகடு, நடுவில் மின்சாரம் அளக்கும் முள் வைத்த மீட்டர், இரண்டு ஒயர். பேட்டரி கிடையாது, பிளக் கிடையாது. இடது கையைச் செம்பின் மேலும் வலது கையை அலுமினியத்தின் மேலும் அழுத்தி வைக்கிறேன்... முள் நகர்கிறதா? பின்வரிசைக்குத் தெரியாது, அப்புறம் வந்து பாருங்கள்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. சான்பிரான்சிஸ்கோவில் எக்ஸ்ப்ளோரடோரியம் என்று ஒரு அறிவியல் அருங்காட்சியகம் இருக்கிறது, அவர்கள் யாரும் செய்து பார்க்கலாம் என்று சொல்லிக்கொடுக்கும் சோதனை. அந்த இடத்தை 1969-ல் தொடங்கியவர் பிராங்க் ஆப்பன்ஹைமர், ஆமாம், அணுகுண்டு ஆப்பன்ஹைமரின் தம்பிதான். அவரும் இயற்பியல்காரர். முன்பு கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்த விவகாரத்தில் 1949-ல் பல்கலைக்கழக வேலை போனது, கொலராடோவில் மாட்டுப் பண்ணை வைத்தார், பிறகு ஒரு சின்ன ஊர்ப் பள்ளியில் வாத்தியார் ஆனார். காட்சிப் பொருள் செய்கிற பட்டறையையே வருகிறவர்கள் கண்முன் வைத்தவர் அவர். வெல்டிங் பொறி பறப்பதும் ஒரு காட்சிதானே!

சரி, முள் ஏன் நகர்ந்தது? இதைப் பிள்ளைகளிடம் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் “உங்க உடம்புல கரண்ட் இருக்கு சார்” என்பார்கள். சிரிக்காதீர்கள். இத்தாலியில் கால்வானி என்ற மருத்துவர் செத்த தவளையின் காலை இரண்டு உலோகங்களால் தொட்டு அது துடிப்பதைப் பார்த்துவிட்டு, கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார், மின்சாரம் தவளைக்குள் இருக்கிறது என்று. அதே நாட்டு இயற்பியல்காரர் வோல்ட்டா ஒத்துக்கொள்ளவில்லை, சங்கதி இரண்டு வேறு உலோகங்களில் இருக்கிறது என்றார், தவளையே இல்லாமல் உலோக வில்லைகளுக்கு நடுவே உப்புநீரில் நனைத்த அட்டையை வைத்து அடுக்கி 1800-ல் முதல் பேட்டரியைக் காட்டினார். இந்த மேசையில் அந்த நனைந்த அட்டை நான்தான், என் உள்ளங்கை வியர்வைதான் உப்புநீர். அலுமினியம் செம்பைவிட எளிதாக எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும், அது ஒயர் வழியாக மீட்டரைக் கடந்து செம்புக்குப் போகிறது.

நான் சொன்னதற்காக நம்ப வேண்டாம். கைகளை மாற்றிக் குறுக்காக வைக்கிறேன் பாருங்கள். என் உடம்புதான் காரணம் என்றால் முள் எதிர்ப்பக்கம் போயிருக்க வேண்டும், போகவில்லை. இப்போது அலுமினியத்தை எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் செம்பு. முள் படுத்துவிட்டது, தகட்டில் அழுக்கு இருந்தால் கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான். கால்வானிக்கும் வோல்ட்டாவுக்கும் நடந்த வழக்கை ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை ஐந்து நிமிடத்தில் தானே விசாரித்துவிடலாம்.

பட்டனை அமுக்கினால் பல்பு எரிகிற காட்சிப் பொருள்கள் எனக்கு ஆகாது என்பது இதனால்தான். பிள்ளை அமுக்கும், எரியும், அடுத்ததற்கு ஓடிவிடும். அங்கே அது கேட்பதற்குக் கேள்வியே இல்லை.

இன்னொரு வேடிக்கை. தலைமுடியைக் குத்திட்டு நிற்க வைக்கும் வான் டி கிராஃப் உருண்டையைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் ஈரம் இருந்தால் அதில் சேரும் மின்னூட்டம் கசிந்துவிடும், சென்னை மாதிரி கடலோர ஊரில் புழுக்கமான நாளில் அது பெரும்பாலும் மானத்தை வாங்கும். ஆனால் இந்தத் தகடுகளுக்கு வியர்வைதான் மூலதனம், நம்மூர் மே மாதத்தை மிஞ்ச ஆளில்லை. இதில் வருவது மைக்ரோ ஆம்பியர் கணக்கு, ஒரு ஆம்பியரில் 10 லட்சத்தில் ஒரு பங்கு, ஷாக் அடிக்காது. சுவரில் இருக்கும் பிளக் வேறு ஜாதி, அங்கே வீட்டில் சொல்வதைக் கேளுங்கள்.

ஆறு பேர் மேடைக்கு வாருங்கள். கைகோத்து நில்லுங்கள், ஓரத்தில் நிற்பவர் செம்பில் ஒரு கை, மறு ஓரத்தவர் அலுமினியத்தில் ஒரு கை. முள் இறங்குகிறதா? இறங்கும், ஆள் கூடக் கூடத் தடையும் கூடும். நடுவில் நிற்கும் தம்பி, கையைக் கொஞ்சம் நனைத்துக்கொள், இந்தா தண்ணீர்.