கடற்படை அமைச்சகத்தின் மேல் ஒரு படையெடுப்பு

அன்பர்களே, திரையில் தெரியும் படத்தின் மேற்பாதியைச் சற்று நேரம் மறந்துவிடுங்கள். கீழே மட்டும் பாருங்கள். பாரிஸின் கொன்கோர்ட் சதுக்கம். கடற்படை அமைச்சகத்தின் தூண்கள். தூணின் நிழல் எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுகிறது. ஒரு கட்டடக்கலைஞர் குறை சொல்ல முடியாத வேலை. இனி மேலே பாருங்கள். குதிரைகள், தேர்கள், மீன் உருவ விலங்குகள், படகுகள் எல்லாம் வானத்திலிருந்து அந்தக் கட்டடத்தின் மீது பாய்ந்து வருகின்றன!

1865-ல் இதைச் செதுக்கியவர் சார்ல் மெரியோன். கனவையும் நனவையும் ஒரே படத்தில் கலக்கும் சர்ரியலிசம் என்ற கலை இயக்கம் பிறக்க இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. ஆனாலும் அந்தக் குடும்பத்தின் பாட்டனாரைத் தேடினால் நான் இவரிடம்தான் போய் நிற்பேன்.

ஆங்கிலேய மருத்துவருக்கும் பாரிஸ் நடனக்காரிக்கும் 1821-ல் பிறந்தவர். கடற்படை அதிகாரியாக நியூசிலாந்தின் அகரோவா வரை போனவர். நிறக்குருடு இருந்ததால் வண்ண ஓவியம் கைகூடவில்லை. எட்சிங் என்ற அச்சுக்கலையின் பக்கம் திரும்பினார். செப்புத்தகட்டில் மெழுகுப் பூச்சு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் முக்கினால், கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மை தங்கும். கறுப்பும் வெள்ளையும் போதும்.

இந்தக் கலையில் ஒரு வசதி உண்டு: தகட்டைத் தேய்த்து அழித்து, மறுபடி கீறலாம். இடையில் எடுத்த பிரதிகளோ அப்படியே தங்கிவிடும். 1854-ல் வந்த பொன்-ஓ-ஷாஞ்ச் பாலத்தின் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வானத்தில் ‘ஸ்பெரான்சா’ என்று பெயர் எழுதிய ஒரு பலூன். பிறகு அது போய்ப் பெரிய பறவைக் கூட்டம் வந்தது. பின்னர் பறவைகள் போய்ப் பல பலூன்கள். பாலமும் ஆறும் இருந்த இடத்தில் இருக்க, வானம் மட்டும் மாறிக்கொண்டே போகிறது. ஒரே தகடு, ஒருவர் மனம் போன போக்குக்கு நாட்குறிப்பாகிவிட்டது.

பாரிஸின் நோத்ருதாம் தேவாலயக் கோபுரத்தில் நாக்கை நீட்டியபடி ஊரைப் பார்க்கும் அவருடைய 1853-ஆம் ஆண்டு அரக்கனைப் பலரும் அறிவார்கள். படத்திலுள்ள அந்த அரக்கன் இடைக்காலச் சிலை என்று இன்றும் நம்புபவர்கள் இருக்கிறார்கள். கட்டடக்கலைஞர் வியோலே-ல-துக் நடத்திய தேவாலயப் புதுப்பிப்பில் வந்த புதுச் சிலை அது. கவிஞர் போத்லேர் 1859-ல் மெரியோனை வியந்து எழுதினார். அதற்குள் மெரியோன் ஷாரந்தோன் மனநல விடுதியில் சேர்க்கப்பட்டிருந்தார். 1868-ல் அங்கேயே இறந்தார்.

இதை வைத்து, அமைச்சகப் படத்தைப் பைத்தியத்தின் கைவேலை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. தடுமாறிய கை இந்தத் தூண்களை வரையாது. பிரெஞ்சுக் கப்பல்கள் தொலைதூரக் கரைகளுக்குப் புறப்பட உத்தரவு எழுதிய அலுவலகம் இது. அந்த உத்தரவில் போனவர்களில் மெரியோனும் ஒருவர். பசிபிக்கில் அவர் பார்த்த கடலும் படகும் இப்போது அந்த அலுவலகத்தின் கூரைக்கே வந்து சேர்கின்றன, எந்த உத்தரவும் இல்லாமல். நான் படத்தை வாசிப்பது இப்படித்தான்.