புருஷன விளக்கமாத்தால வெளுத்த ஆடியன்ஸ்! நாடகம் பாக்க வந்தவங்க மேடை ஏறுன கதை

வணக்கம் மக்களே, பாம்பன்ல கடக்கரையிலேர்ந்து பேசுறேன், காத்து பேய்க்காத்தா அடிக்குது, மைக்ல இரைச்சல் வந்தா பொறுத்துக்குங்க.

1973, பெரு நாடு. ஒரு நாடகம் நடக்குது. புருஷன்காரன் வீடு கட்டுறேன்னு பொண்டாட்டிகிட்ட மாசாமாசம் காசு வாங்குறான், ரசீதுன்னு சில காயிதத்தையும் குடுத்து வைக்கிறான். அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரி வாசிச்சுப் பாத்தா, எல்லாம் அவனோட இன்னொருத்தி எழுதுன காதல் கடிதம்! இப்ப புருஷன் வீட்டுக்கு வரப்போறான், அவ என்ன செய்யணும்?

இங்கதான் நாடகத்த நிறுத்திட்டு கூட்டத்தப் பாத்து கேக்குறாரு அகஸ்தோ போல், பிரேசில் நாட்டு நாடகக்காரர். அழணும்னு ஒரு ஆள், வீட்ட விட்டுப் போயிரணும்னு ஒரு ஆள். நடிகர்களும் சொல்லச்சொல்ல நடிச்சுக் காட்டுறாங்க. வாட்டசாட்டமா ஒரு அம்மா மட்டும், ‘அவன்கிட்ட தெளிவா பேசணும், அப்புறம் மன்னிக்கணும்’னு சொல்லுது. நடிகையும் தெளிவா பேசிப் பாக்குது, இல்ல இது இல்லங்குது அந்தம்மா, மறுபடி பேசுது, மறுபடியும் இல்லங்குது. கடைசில அகஸ்தோ போல், ‘நீங்களே வந்து காட்டுங்க’ன்னாரு. ஏறுச்சு பாருங்க மேடைல! விளக்கமாத்த எடுத்து நடிகர வெளு வெளுன்னு வெளுத்து, பாவம் அந்த மனுசன் அலற, அடிச்சு முடிச்சுட்டு ஜம்முனு உக்காந்து சோறு கொண்டான்னு சொல்லுது. அதான் தெளிவா பேசுறது.

பாக்குறவங்களே ஏறி நடிச்சு முடிவ மாத்துற இந்த வகைக்குப் பேரு ஃபோரம் தியேட்டர். ஆடியன்ஸ சும்மா பாத்துட்டுப் போக விடாத மத்தவங்களப் பத்தியும் ஓட்டமா சொல்லிடுறேன். ஜெர்மனி நாடகக்காரர் பிரெக்ட், நீ பாக்குறது நாடகம்தான்யான்னு அப்பப்ப ஞாபகப்படுத்தி யோசிக்க வச்சாரு. போலந்துல க்ரோட்டோவ்ஸ்கின்னு ஒரு நாடக இயக்குநர் 1962ல ஒரு நாடகத்துக்கு அரங்கத்தயே மனநல ஆஸ்பத்திரி மாதிரி ஆக்கி, ஆடியன்ஸ நோயாளி கட்டில்லயே உக்கார வச்சாரு. கல்கத்தால பாதல் சர்க்கார் மேடை, செட்டு எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு சனத்துக்கு நடுவுல ஆட வச்சாரு.

இதக் கேட்டுட்டு நம்ம ராம்நாடு ஆளு ‘இதுல என்னப்பு புதுசு?’ன்னு கேப்பான். நியாயம்தானே? திருவிழால விடிய விடிய வள்ளி திருமணம் போடுறோம், பபூன் முன்னாடி தூங்குற அண்ணன எழுப்பி வம்பிழுப்பாரு, ஆர்மோனியக்காரர் அங்கிட்டு இருந்து பதில் குடுப்பாரு, நடுவுல எவனாச்சும் நூறு ரூவா நோட்ட நீட்டுனா மைக்ல அவன் பேரு வரும். அவங்க நாடகத்துல ஒரு கண்ணுக்குத் தெரியாத சுவரு ஆடியன்ஸுக்கும் மேடைக்கும் நடுவுல நிக்குதாம், அத ஒடைக்கிறதுக்கு அம்புட்டு பாடு, நாம அந்தச் சுவரையே கட்டல!

ஆனா பபூன் என்ன கத்துனாலும், நாரதரும் வள்ளியும் விடியுற வரைக்கும் தர்க்கம் பண்ணாலும், வள்ளி முருகனத்தான் கட்டிக்கும். முடிவ நம்ம கையில குடுக்க மாட்டாங்க. அகஸ்தோ போலோட நாடகத்துல அத நடத்தி வைக்கிற ஆளுக்குப் பேரு என்ன தெரியுமா, ஜோக்கர்! நம்ம பபூன் மாதிரி சிரிக்க வைக்கிறதுக்கில்ல, சீட்டுக்கட்டுல வர்ற ஜோக்கர், எந்தப் பக்கமும் சேராம ‘இவரு சொன்னபடி நடந்தா சரியாகுமா, அடுத்து யாரு வர்றீங்க?’ன்னு கூட்டத்தத் தூண்டி விட்டுக்கிட்டே இருப்பாரு. எனக்கு இந்த வேலைதான் ரொம்பப் புடிச்சிருக்கு.

சரி, இப்ப நம்ம கடக்கரையில ஒண்ணு போடுவோம்னு வைங்க. ஒரு அக்கா கடல்ல முங்கி பாசி எடுத்துட்டு வருது, வியாபாரி முன்னாடியே அட்வான்ஸ் குடுத்துருக்கான், எடை போடும்போது ஈரம்னு கழிக்கிறான், மண்ணுன்னு கழிக்கிறான், வெலையும் அவன் சொன்னதுதான். ஜோக்கர் கைதட்டி நாடகத்த நிறுத்துறாரு. அந்த அக்கா என்ன செய்யணும்? கமெண்ட்ல சொல்லுங்க, நல்ல முடிவா இருந்தா அடுத்த வீடியோல நடிச்சே காட்டுறோம். வியாபாரி வேசத்துக்கு மட்டும் ஆளு தேடுறேன், எங்க பெரியம்மா முன் வரிசைல உக்காரும், ஹெல்மெட் நான் தாரேன்.