ஏற்றத்தில் தெரியும் இரண்டு லிட்டர்

நேயர்களுக்கு வணக்கம். ஜெர்மனியில் பழைய வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்பவன் நான். கூரையை உயர்த்திவிட்டு உள்ளே படுத்துக்கொள்ளலாம், கேஸ் அடுப்பில் தேநீர் போடலாம், மடக்கு மேசையை விரித்துச் சாப்பிடலாம் என்று இருக்கும் அந்தப் பழைய வோக்ஸ்வாகன் கேம்பர் வேன் நம்மவர்களுக்கும் பிடித்துப் போய்விட்டது. கோடை தொடங்கினால் போதும், தெரிந்தவர்கள் விளம்பரங்களை அனுப்பத் தொடங்கிவிடுவார்கள். கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அண்ணா, இதில் 1.6, அதில் 2.0 என்று போட்டிருக்கிறது. எதை எடுப்பது?" (அந்த எண்கள் என்ஜினின் கொள்ளளவு, லிட்டரில். ஆயிரம் சிசி ஒரு லிட்டர்.)

பதில் சொல்வதற்கு முன்னால் நான் இரண்டு கேள்விகள் கேட்பேன். எந்தச் சாலையில் ஓட்டப் போகிறீர்கள்? வண்டியில் எத்தனை பேர்? வடக்கே கடலோரச் சமவெளியில் இரண்டு பேராக உலாவப் போகிறவருக்கும், நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலிக்குப் போகிறவருக்கும் ஒரே என்ஜினைச் சொல்ல முடியாது.

முதலில் எண்களைப் பார்த்துவிடுவோம். 1950-இல் இந்த வேன் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தபோது அதற்கு 1131 சிசி, 25 குதிரைத்திறன். நான்கு ஆண்டுகளில் 1192 சிசி ஆனது. 1963-இல் 1500 வந்தது, 42 குதிரைத்திறன். இவையெல்லாம் முன்கண்ணாடி இரண்டு துண்டாக இருக்கும் முதல் தலைமுறை. அவற்றின் விலை இன்று எங்கேயோ போய்விட்டதால் அவற்றை விட்டுவிடுகிறேன். அந்த விலையில் வாங்குகிறவர் என்ஜினைப் பார்த்து வாங்குவதில்லை.

நம்மில் பெரும்பாலோர் தேடுவது 1967 முதல் 1979 வரை ஜெர்மனியில் தயாரான இரண்டாம் தலைமுறை, வளைந்த ஒற்றைக் கண்ணாடி வண்டி. அது 1.6 லிட்டரோடு தொடங்கியது. முதலில் 47 குதிரைத்திறன், 1970 ஆகஸ்டிலிருந்து 50. அடுத்த ஆண்டு 1.7 வந்தது, 66 குதிரைத்திறன். பிறகு 1.8, அதில் 68. கடைசியாக 1975-இல் 2.0, அதில் 70.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். போன வருடம் ஒரு தம்பதி வந்திருந்தார்கள். கணவர் கையில் தாள் வைத்துக் கணக்குப் போடுகிறவர். "அண்ணா, 1.7-க்கும் 2.0-க்கும் நான்கு குதிரைத்திறன்தானே வித்தியாசம்? அதற்காகவா இவ்வளவு கூடுதலாகக் கேட்கிறார்கள்?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் அவருடைய தாளில் ஒரு வரிசை விடுபட்டிருந்தது. 1.7 அந்த 66 குதிரைத்திறனைக் கொடுக்க நிமிடத்துக்கு 4800 சுற்றுச் சுற்ற வேண்டும். 2.0 தன் 70-ஐ 4200 சுற்றிலேயே கொடுத்துவிடுகிறது. அதாவது கத்தாமல் இழுக்கிறது. நாம் 'இழுவை' என்று சொல்கிறோமே, அது அடிச்சுற்றுகளிலேயே கிடைக்கிறது. மலைப்பாதையில் மூன்றாவது கியரில் வண்டி திணறுமா, தாங்குமா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

சிசி கூடினால் குதிரைத்திறன் தானாகக் கூடிவிடும் என்பதும் இல்லை. இதே 2.0 என்ஜின் போர்ஷே 914 காரில் 100 குதிரைத்திறன் கொடுத்தது. வேனில் வேண்டுமென்றே அடக்கி வைத்தார்கள். சுமை இழுக்கும் வண்டி அது, நாள் முழுவதும் மிதித்தபடியே ஓட்டினாலும் தாங்க வேண்டும். இன்னொரு வேடிக்கை: பிரேசிலில் இந்த வேனை 2013 வரை தயாரித்தார்கள். கடைசி ஆண்டுகளில் அதில் இருந்தது தண்ணீரால் குளிரும் 1.4 லிட்டர் என்ஜின். எங்கள் 2.0-ஐவிடச் சிறியது, ஆனால் பெட்ரோலில் 78 குதிரைத்திறன்.

விளம்பரங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான வண்டியின் பழைய கையேட்டில் 1.6-க்கு 60 குதிரைத்திறன் என்று இருக்கும். ஜெர்மன் கையேட்டில் 50. என்ஜின் ஒன்றுதான். அந்தக் காலத்தில் அமெரிக்கர்கள் சைலன்சர் போன்ற துணைக் கருவிகளைக் கழற்றிவிட்டு அளந்தார்கள், ஜெர்மானியர்கள் பூட்டியபடியே அளந்தார்கள். எனவே இரண்டு விளம்பரங்களை ஒப்பிடும்போது அந்த வண்டி எந்த நாட்டிலிருந்து வந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி சாலைக்கு வருவோம். ஏழாம் எண் நெடுஞ்சாலையில் காஸல் நகரைச் சுற்றியுள்ள மேடுகளைப் பலருக்குத் தெரிந்திருக்கும். சில இடங்களில் சரிவு 8 சதவீதம் வரை போகும். கூரை உயரும் கேம்பர், உள்ளே மர அலமாரிகள், தண்ணீர்த் தொட்டி, நான்கு பேர், அவர்களுடைய பெட்டிகள் எல்லாம் சேர்த்து 1800 கிலோ என்று வைத்துக்கொண்டு நான் கணக்குப் போட்டிருக்கிறேன். 50 குதிரைத்திறன் 1.6 அந்த மேட்டில் மணிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் நின்றுவிடும். 2.0 கிட்டத்தட்ட 80-ஐத் தொடும். ஜெர்மன் நெடுஞ்சாலையில் லாரிகளின் வேக வரம்பு 80 என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். 2.0-இல் நீங்கள் லாரிகளோடு சேர்ந்து போவீர்கள். 1.6-இல் மேட்டில் ஏறத் தொடங்கியதுமே அவை பின்னால் வந்து விளக்கடிக்கும். சமதளத்தில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. 90-இல் இரண்டுமே சுகமாகப் போகும்.

ஆனால் நான் அதிகம் பேச நினைப்பது வேகத்தைப் பற்றி அல்ல, சூட்டைப் பற்றி. இந்த என்ஜின்களுக்கு ரேடியேட்டர் கிடையாது, காற்றால் குளிர்பவை. முகப்புப் பலகையில் வெப்பமானியும் கிடையாது. எண்ணெய் அழுத்தத்துக்கு ஒரு விளக்கு, மின்னூட்டத்துக்கு ஒரு விளக்கு, அவ்வளவுதான். 1.6-இல் குளிரூட்டும் விசிறி டைனமோவின் தண்டிலேயே இருக்கிறது, இரண்டையும் ஒரே பெல்ட்தான் சுற்றுகிறது. பெல்ட் அறுந்தால் மின்னூட்டமும் நிற்கும், காற்றும் நிற்கும். அந்தச் சிவப்பு விளக்கு எரிந்ததும் பேட்டரிதானே, வீடு போய்ச் சேர்ந்துவிடலாம் என்று ஓட்டியவர்களின் என்ஜின்களை எங்கள் பட்டறையில் பிரித்திருக்கிறோம். 1.7, 1.8, 2.0 ஆகிய மூன்றும் வேறு குடும்பம். அவற்றில் விசிறி, என்ஜினின் முதன்மைச் சுழல் தண்டான கிராங்க் தண்டின் நுனியிலேயே பூட்டப்பட்டிருக்கிறது. பெல்ட் அறுந்தாலும் காற்று வரும். என்னைக் கேட்டால், பெரிய என்ஜினுக்குக் கூடுதல் விலை கொடுக்க இது ஒன்றே போதுமான காரணம்.

1.6-இன் மூன்றாம் சிலிண்டர் பழைய மெக்கானிக்குகள் எல்லோருக்கும் தெரிந்த நோயாளி. எண்ணெயைக் குளிரவைக்கும் கூலர் விசிறிப் பெட்டிக்குள்ளே, அந்த சிலிண்டருக்குப் போகும் காற்றின் வழியில் நின்றது. மற்ற மூன்றைவிட அது சூடாகும், அதன் எக்ஸாஸ்ட் வால்வு முதலில் போகும். 1971 மாடலிலிருந்து கூலரை வெளியே தள்ளி வைத்தார்கள். எனவே 1.6 வாங்குவதானால் 47-ஐ விட்டுவிட்டு 50-ஐத் தேடுங்கள். அந்த மாடலிலிருந்துதான் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் வந்தது. மலையில் ஏறியவர் இறங்கவும் வேண்டுமல்லவா?

சின்ன என்ஜினுக்கும் அதன் நியாயம் உண்டு. இரண்டு கோடிக்கும் மேல் ஓடிய பீட்டில் காரின் என்ஜின் அது. மெக்சிகோவில் 2003 வரை பீட்டில் தயாரானது. எனவே உதிரி பாகங்கள் மலிவு, எல்லா இடத்திலும் கிடைக்கும். கழற்றுவதும் எளிது. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் ஒன்றுதான். பெரிய என்ஜின்களில் இரண்டு, இரண்டையும் ஒரே அளவில் மூச்சுவிட வைக்கத் தெரிந்த ஆள் வேண்டும். 2.0-இன் சிலிண்டர் ஹெட்டில், அதாவது சிலிண்டர்களை மூடும் தலைப்பகுதியில், வால்வுகளுக்கு இடையே விரிசல் விழுந்தால், ஒரு ஜோடி ஹெட்டுக்கு ஆகும் செலவில் 1.6-இல் பாதி வேலையை முடித்துவிடலாம். பெட்ரோலும் நூறு கிலோமீட்டருக்கு ஓரிரண்டு லிட்டர் கூடுதலாகக் குடிக்கும்.

வரியைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். முப்பது ஆண்டுகளைத் தாண்டிய, நல்ல நிலையில் உள்ள வண்டிக்கு ஜெர்மனியில் 'ஹெச்' எழுத்து எண்பலகை கிடைக்கும். அதற்கு ஆண்டுக்கு 191.73 யூரோ, சிசி எதுவானாலும் அதே தொகைதான். ஆனால் அந்த எண்பலகைக்கு ஒரு நிபந்தனை உண்டு. வண்டி அதன் காலத்துக்கு உரியதாக இருக்க வேண்டும். இப்போது 1.6 வாங்கிவிட்டு, பிறகு நவீன என்ஜின் ஒன்றைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் சோதனை அலுவலகத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

'1641', '1776' என்றும் சிலர் விளம்பரம் செய்வார்கள். அவை தொழிற்சாலை எண்கள் அல்ல, 1584 சிசி என்ஜினில் பெரிய பிஸ்டன்களைப் போட்டு வந்த கணக்கு. 1641 என்றால் 57 சிசி கூடியிருக்கிறது. பழைய துளையிலேயே பெரிய பிஸ்டனை நுழைத்ததால் சிலிண்டர் சுவர் மெலிந்துவிட்டது. கனமான கேம்பருக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. 1776 என்றால் என்ஜின் கூட்டையே கடைந்து அகலப்படுத்த வேண்டும். யார் கடைந்தார், பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பில் இல்லையென்றால் அதைச் சாதாரண 1.6 ஆகவே எண்ணி விலை பேசுங்கள்.

1979-க்குப் பிறகு வந்த மூன்றாம் தலைமுறை, அந்தச் சதுர முக வண்டி, பெரியது, கனமானது. அதில் 50 குதிரைத்திறன் கொண்ட 1.6 பெட்ரோலும் இருந்தது, 1.6 டீசலும் இருந்தது. டீசல் சிக்கனம்தான், ஆனால் மேட்டில் பொறுமையைச் சோதிக்கும். 1982-இல் தண்ணீரால் குளிரும் 1.9 வந்தது, அதில் 78 குதிரைத்திறன் உள்ளதைப் பாருங்கள், 60-ஐ அல்ல. 2.1-இல் 112 வரை உண்டு. குடும்பத்தோடு நெடுந்தூரம் போகிறவருக்கு அதுதான் வசதி. அங்கே பார்க்க வேண்டிய இடம் சிலிண்டர் ஹெட் உட்காரும் ரப்பர் விளிம்பு. அதைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் கசிகிறது என்று பொருள்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது பின்மூடியைத் திறந்ததுமே எந்தக் குடும்பம் என்று தெரிந்துவிடும். விசிறிப் பெட்டி உயரமாக நின்று அதன் முன்னே டைனமோ உட்கார்ந்திருந்தால் 1.6. எல்லாம் தட்டையாகப் படுத்திருந்து விசிறி உங்களைப் பார்த்திருந்தால் பெரியது. என்ஜின் எண்ணின் முன்னெழுத்துகளையும் பாருங்கள்: 'ஏடி' (AD), 'ஏஎஸ்' (AS) என்றால் 1.6, 'ஏபி' (AP) என்றால் 1.8, 'சிஜே' (CJ) என்றால் 2.0. என்ஜினுக்கும் உடலுக்கும் இடையே சுற்றிலும் ரப்பர் பட்டை இருக்க வேண்டும், தகடுகள் எல்லாம் இருக்க வேண்டும். அந்தப் பட்டை இல்லாவிட்டால் கீழே உள்ள சூடான காற்றையே விசிறி மறுபடியும் உள்ளே இழுக்கும். 1.6 என்றால், என்ஜினை நிறுத்திவிட்டுக் கீழே பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியை இரண்டு கைகளாலும் பிடித்து உங்கள் பக்கம் இழுங்கள், பிறகு தள்ளுங்கள். 'டக்' என்று சத்தம் கேட்டால் உள்ளே தேய்ந்திருக்கிறது. அந்த முன்பின் ஆட்டத்துக்கு 0.15 மில்லிமீட்டர்தான் அனுமதி. அதைத் தாண்டினால் என்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும்.

பிறகு ஓட்டிப் பாருங்கள், கட்டாயம் ஒரு மேட்டில். நான்காவது கியரில் உறுமவிட்டு ஏற்றாதீர்கள், சீக்கிரமே மூன்றாவதுக்கு வந்துவிடுங்கள். என்ஜின் வேகமாகச் சுற்றினால்தான் விசிறியும் வேகமாகச் சுற்றும். அரைமணி நேரம் ஓட்டிவிட்டு வந்து வண்டியை அணைக்காமல் நிற்கவிடுங்கள். எண்ணெய் அழுத்த விளக்கு மினுக்குகிறதா என்று பாருங்கள். விற்பவர் "சூடானால் எல்லா வண்டியிலும் அப்படித்தான்" என்று சொல்லுவார். என்ஜினை முழுதாகப் புதுப்பிக்க என்ன செலவாகும் என்று உங்கள் மெக்கானிக்கிடம் அங்கிருந்தே போன் போட்டுக் கேட்டுவிட்டு, அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு விலை பேசத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.