கையில் உள்ள பணத்துக்கு ஆயிரம் தட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

ஓர் ஊரின் இசையை அந்த ஊர்க்காரர்களே பதிவு செய்து, இசைத்தட்டாக்கி, விற்று, பெரிய கம்பெனி எதற்கும் கைமாற்றாமல் நாற்பது ஆண்டுக்கு மேல் நடத்த முடியுமா? அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 1980-இல் தொடங்கிய டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ் நடத்தியிருக்கிறது. வாஷிங்டன் வட்டாரக் குழுக்களை மட்டும்தான் வெளியிடுவது என்பது அதன் வழக்கம். இசை பங்க் ராக்: வேகமானது, உரத்தது, பல பாட்டுகள் ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த இசை உங்களுக்குப் பிடிக்க வேண்டும் என்பதில்லை. நிறுவனம் நடந்த விதத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

தொடக்கம் ஒரு சுருட்டுப் பெட்டி. டீன் ஐடில்ஸ் என்ற நால்வர் குழு, கச்சேரியில் கிடைத்த பணத்தைப் பங்கு போடாமல் அந்தப் பெட்டியில் சேர்த்து வைத்தது. 1980 முடியும் தறுவாயில் குழு கலைந்தது. பெட்டியில் ஏறக்குறைய 600 டாலர் இருந்தது. பிரித்தால் ஆளுக்கு 150. பிரிக்கவில்லை. வாஷிங்டனை அடுத்த ஆர்லிங்டனில் டான் ஜியன்டாரா தன் வீட்டின் அடித்தளத்தில் நடத்திய இன்னர் இயர் ஸ்டுடியோவில் பதிந்து வைத்திருந்த எட்டுப் பாட்டை ஏழு அங்குலத் தட்டாக ஆயிரம் பிரதி அடித்தார்கள். குழுவிலிருந்த இயான் மக்காய், ஜெஃப் நெல்சன், நேதன் ஸ்ட்ரெஜ்செக் மூவரும் சேர்ந்து அதற்காக வைத்த பெயர்தான் டிஸ்கார்ட்.

எட்டுப் பாட்டு எப்படி ஏழு அங்குலத் தட்டில் அடங்கியது என்று கேட்கலாம். நிமிடத்துக்கு 45 சுற்றில் ஓடும் ஏழு அங்குலத் தட்டில், ஒலி கணீரென்று இருக்க வேண்டுமானால், பக்கத்துக்கு நாலரை அல்லது ஐந்து நிமிடம்தான் கணக்கு. அதற்கு மேல் திணித்தால் ஊசி ஓடும் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். நெருக்கினால் ஒலி அளவைக் குறைத்தாக வேண்டும். ஒலி குறைந்தால் தட்டின் இயல்பான இரைச்சல் மேலே வந்து நிற்கும். இவர்களின் எட்டுப் பாட்டும் சேர்ந்தே சுமார் பத்து நிமிடம்தான்.

அட்டை உறைக்குப் பணம் போதவில்லை. இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு தட்டின் உறையை ஒட்டுப் பிரித்து விரித்து, அதன் வடிவத்தைத் தாளில் வரைந்து, அந்த அளவுக்குப் படத்தையும் எழுத்தையும் அமைத்து அச்சகத்தில் கொடுத்தார்கள். வந்த தாள்களைக் கத்தரித்து, மடித்து, பசை தடவி ஒட்டியதெல்லாம் நண்பர்கள். ஆயிரம் உறை! பின்னர் வந்த தட்டுகளுக்கும் இப்படியே உட்கார்ந்து ஒட்டினார்கள். பசையில் ஒரு விஷயம் உண்டு. தண்ணீர்ப் பசையைக் கூடுதலாகத் தடவினால் காகிதம் நெளியும். முழுக்க உலராமல் தட்டைப் போட்டால் ஈரம் உள்ளே ஏறும். விளிம்பில் மெல்லிய கோடாகத் தடவி, கனம் வைத்து ஓர் இரவு உலர விடுவதே நல்லது.

இனி தட்டு உருவாகும் வழியைச் சொல்கிறேன். சிறு நிறுவனங்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இங்கேதான்.

ஸ்டுடியோவிலிருந்து வரும் மாஸ்டர் ஒலியை, அதாவது இறுதி செய்த பதிவை, வெட்டு இயந்திரத்தில் கொடுத்து, லாக்கர் என்ற வார்னிஷ் போன்ற பூச்சுள்ள அலுமினியத் தட்டில் பள்ளமாக வெட்டுவார்கள். அந்த லாக்கர் மிக மென்மையானது. அதன்மேல் வெள்ளியைத் தெளித்து, நிக்கல் முலாம் ஏற்றி உரித்தெடுத்தால் பள்ளங்கள் மேடுகளாக ஓர் உலோகத் தகடு கிடைக்கும். அதற்குத் தந்தைத் தகடு என்று பெயர். அதிலிருந்து தாய்த் தகடு, தாயிலிருந்து ஸ்டாம்பர் எனும் அச்சு. ஓர் அச்சில் ஏறக்குறைய ஆயிரம் தட்டு எடுக்கலாம். பிறகு ஒலி மங்கத் தொடங்கும். தாய்த் தகடு பத்திரமாக இருந்தால் புதிய அச்சு எடுப்பது எளிது. அதனால் ஆலையை மாற்றும்போது தாய்த் தகட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு, மறுபதிப்புக்கு லாக்கர் வெட்டும் செலவை முதலிலிருந்து செய்கிறார்கள்.

உலகில் இந்த லாக்கர் தட்டுகளைச் செய்த இரண்டே இடங்களில் ஒன்றான கலிஃபோர்னியாவின் அப்போலோ மாஸ்டர்ஸ் 2020 பிப்ரவரியில் தீக்கிரையானது. ஜப்பானில் உள்ள ஒரே நிறுவனம் மிஞ்சியது. உலகெங்கும் சிறு நிறுவனங்களுக்கு அது பேரிடியாக இருந்தது.

வெட்டுவதற்குமுன் கவனிக்க வேண்டியவை சில. கீழ்ஸ்தாயி ஒலிகளை இடம் வலமாகப் பிரிக்காமல் நடுவில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பள்ளம் மேலும் கீழுமாக அலைந்து ஊசி துள்ளிவிடும். பாடகரின் 'ஸ' ஒலி கூர்மையாக இருந்தால் தட்டில் கீச்சிடும்; ஒலிக்கலவையிலேயே அதை அடக்க வேண்டும். பன்னிரண்டு அங்குலத் தட்டில் இன்னொன்று. வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் வினாடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. உள்பக்கம் போகப்போக அது 21-க்கு இறங்கிவிடும். அதே ஒலியைக் குறைந்த நீளத்தில் எழுத வேண்டியிருப்பதால் மேல்ஸ்தாயி ஒலிகள் கலங்கும். ஆகவே மிக உரத்த பாட்டைப் பக்கத்தின் கடைசியில் வைக்காதீர்கள். குழுக்காரர்கள் பாட்டின் வரிசைக்காகச் சண்டை போடுவார்கள். அப்போது இதைச் சொல்லுங்கள்.

ஆலையில் சூடான பிவிசி உருண்டையை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து நீராவிச் சூட்டில் அழுத்தி, உடனே தண்ணீரால் குளிர்விப்பார்கள். அரை நிமிட வேலை. நடு லேபிளுக்குப் பசை கிடையாது; அதே அழுத்தத்தில்தான் பதிகிறது. அதனால் லேபிள் காகிதத்தை முன்கூட்டியே சூடாக்கி உலர்த்தியாக வேண்டும். ஈரம் இருந்தால் கொப்புளிக்கும். சூடு போதவில்லை என்றால் பிளாஸ்டிக் பள்ளத்தை முழுதாக நிரப்பாது. கேட்கும்போது துணி கிழிவதுபோல் ஓர் ஒலி வரும். ஆறுவதற்கு முன்பே அடுக்கினால் தட்டு வளையும். நடுத்துளை சற்றே விலகினால் நீண்டு நிற்கும் சுரம் ஏறி இறங்கித் தள்ளாடும்.

இவற்றைப் பிடிக்கத்தான் சோதனைப் பிரதிகள். ஐந்து அல்லது பத்து வரும். ஒன்றை மட்டும் கேட்டு ஒப்புதல் கொடுக்கக் கூடாது. ஒரு 'டிக்' ஒலி எல்லாப் பிரதியிலும் அதே இடத்தில் வந்தால் குறை தகட்டில் இருக்கிறது. வேறு தகடு கேட்க வேண்டும். ஒரு பிரதியில் மட்டும் வந்தால் தூசியாக இருக்கலாம். இதற்கு ஒரு மாலை செலவானாலும் பரவாயில்லை.

பணத்துக்கு வருவோம். டிஸ்கார்டில் குழுக்களோடு எழுத்து ஒப்பந்தம் கிடையாது. செலவு போக வரும் லாபத்தில் பாதி குழுவுக்கு, பாதி நிறுவனத்துக்கு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் தட்டுக்கு ஸ்டுடியோ, லாக்கர், முலாம், அச்சு, உறை எல்லாம் சேர்த்து 3,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வானொலிகளுக்கும் பத்திரிகைகளுக்கும் நூறு தட்டு இலவசம். மீதி 900-ஐ மொத்த விலை ஐந்து டாலருக்குக் கொடுத்தால் 4,500. செலவு போக மிச்சம் 1,500; குழுவுக்கு 750, நிறுவனத்துக்கு 750. ஆனால் 600 தட்டு விற்கும்வரை யாருக்கும் ஒரு காசு கிடையாது. இதைக் குழுவிடம் முதல் நாளே தாளில் போட்டுக் காட்டிவிட வேண்டும். ஒப்பந்தம் இல்லாமல் நடத்தும் துணிவு எல்லோருக்கும் சரிப்படும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே ஊர், ஒருவரை ஒருவர் அறிந்த வட்டம், கணக்கை யார் கேட்டாலும் காட்டும் பழக்கம், இவை இருந்ததால்தான் அங்கே அது நின்றது.

விற்காமல் போவது ஓர் ஆபத்து. நன்றாக விற்பதும் ஆபத்துதான். 1983-இல் டிஸ்கார்ட் வெளியிட்ட மைனர் த்ரெட் குழுவின் பன்னிரண்டு அங்குலத் தட்டு வேகமாக விற்றது. கடைகள் மேலும் கேட்டன. விநியோகஸ்தர்களிடமிருந்து பழைய பாக்கி வந்து சேரவில்லை. ஆலைக்கோ பணம் கட்ட வேண்டும். தட்டு இல்லாமல் கடை காய்ந்தது. லண்டனில் சதர்ன் ஸ்டுடியோவை நடத்திய ஜான் லோடர் அடிக்கும் செலவை ஏற்று, விற்பனையில் கழித்துக்கொள்வதாகக் கைகொடுத்தார். அதன் பிறகே நிறுவனம் மூச்சுவிட்டது. மறுபதிப்புக்கான பணத்தை முதல் பதிப்பின் வரவிலிருந்து தனியே எடுத்து வைப்பதுதான் இதற்கு என் யோசனை. லாபப் பங்கீடு அதற்கு அப்புறம்.

டிஸ்கார்ட் தபாலில் நேரடியாக விற்றது. தபால் செலவு உட்பட விலையை உறையிலேயே அச்சிட்டது. கடைக்காரர் கூட்டி விற்றால் வாங்குபவருக்குத் தெரிந்துவிடும். தபாலில் அனுப்புகிறவர்கள் தட்டை அட்டை உறைக்குள் வைத்து அனுப்பாதீர்கள். பார்சல் விழும்போது தட்டின் விளிம்பு கத்திபோல் உறையின் தையலைக் கிழிக்கும். தட்டை அதன் உள்ளுறையோடு வெளியே எடுத்து, அட்டை உறைக்குப் பின்னால் வைத்து, இருபுறமும் நெளியட்டை கொடுங்கள். ஓர் அட்டையின் நெளிவுகள் மற்றதற்குக் குறுக்காக இருந்தால் எந்தப் பக்கம் வளைத்தாலும் மடங்காது.

கடைசியாக, ஆவணம். மக்காய் பின்னர் பாடிய ஃபுகாசி குழு தன் கச்சேரிகளில் எண்ணூறுக்கும் மேற்பட்டவற்றைப் பதிந்து வைத்திருந்தது. முதலில் கேசட், பிறகு டிஜிட்டல் நாடா, குறுந்தட்டு. 2011 டிசம்பரில் டிஸ்கார்ட் அவற்றை இணையத்தில் தொகுதி தொகுதியாக வெளியிடத் தொடங்கியது. ஒரு கச்சேரிக்கு ஐந்து டாலர் என்று விலை சொன்னார்கள்; விரும்பினால் ஒரு டாலரும் கொடுக்கலாம், நூறும் கொடுக்கலாம். நுழைவுச் சீட்டுக்கு அந்தக் குழு பெரும்பாலும் வாங்கியதும் ஐந்து டாலர்தான்.

ஊர்க் கலைஞர்களைப் பதிவு செய்கிறவர்கள் ஒவ்வொரு பதிவின்மேலும் தேதி, ஊர், இடம், பாடியவர்கள் பெயர், பாட்டின் வரிசை ஆகியவற்றை அன்றைக்கே எழுதி வையுங்கள். நாடாவாக இருந்தால் ஓடும் வேகத்தையும் இரைச்சல் குறைப்பு முறையையும் சேர்த்து எழுதுங்கள். எழுபது, எண்பதுகளின் நாடாக்கள் சிலவற்றில் பசை கசிந்து ஒட்டிக்கொள்ளும். அவற்றை அப்படியே ஓட்டினால் ஒலிப்பூச்சு உரிந்து வந்துவிடும். விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து, சுமார் 54 டிகிரி செல்சியஸில் எட்டு மணி நேரமாவது சூடேற்றி, ஆறிய பின்பு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பிரதியை இரண்டு வேறு வீடுகளில் வையுங்கள்.

நன்றி, வணக்கம்.