எரிமலையே இல்லாத ஊர்ல எரிமலைப் பயிற்சி என்னத்துக்கு? | டீச்சர் ஒராள்ட சந்தேகம்

சரி, அடுத்த கேள்விக்கு வருவம். வாழைச்சேனைப் பக்கம் இருந்து ஒரு சயன்ஸ் டீச்சர் அனுப்பியிருக்காங்க. போன வீடியோல வெளிநாட்டுல ஆசிரியர்மார எரிமலைக்கே கூட்டிக்கொண்டு போய் களத்துல வச்சுப் பயிற்சி குடுக்கிறத சொன்னன்தானே, அதுக்கு கேட்டிருக்காங்க, "சேர், நம்மட நாட்டுல எரிமலையே இல்ல, இதப் படிச்சு நாங்க என்ன செய்யிற? மகாஓயா சுடுதண்ணிக் கிணத்தையாவது பிள்ளைகளுக்குக் காட்டலாமா, அது எரிமலையாலதானே சுடுது?" எண்டு.

பின்னுக்குக் கேட்டத முதல்ல முடிச்சிருவம். இல்ல டீச்சர், மகாஓயா சுடுறதுக்கு எரிமலை காரணமே இல்ல. மழைத்தண்ணி பாறை வெடிப்புக்குள்ளால ஆழத்துக்கு இறங்குது, பூமிக்குள்ள கீழ போகப் போக கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 25, 30 பாகை சூடு கூடும், அங்க சூடாகின தண்ணி வேற வெடிப்பால கெதியா மேல ஏறி வந்திடுது, ஆறுறதுக்கு நேரமில்ல, அவ்வளவுதான். திருகோணமலைக் கன்னியாவும் இதே கதைதான். பூமியின்ட மேல் ஓடு பெரிய பெரிய பாறைத் தகடாக் கிடக்கு, எரிமலை கூடுதலா அந்தத் தகட்டு ஓரத்துலதான் வரும். நாம இருக்கிறது தகட்டின்ட ஓரத்துல இல்ல, நல்லா உள்ளுக்க. மட்டக்களப்பு அம்பாறைக்குக் கீழ கிடக்கிறது விஜயன் தொகுதி எண்டுற கோடிக்கணக்கான வருசப் பழைய பாறை. ஆனா ஒண்டு, கிழக்குல சில இடத்துல அந்தப் பாறைய வெட்டிக்கொண்டு டொலரைட் எண்டு கறுப்புக் கல்லு சுவர் மாதிரி போகும், அது ஒரு காலத்துல மக்மா, அதாவது பூமிக்குள்ள உருகின பாறைக் குழம்பு, வெடிப்புக்குள்ள ஏறி அங்கேயே இறுகினது. அதால மக்மா நம்மட மண்ணுக்கு அந்நியம் எண்டும் சொல்லேலாது.

இப்ப முதல் கேள்வி. நானும் ஒரு காலத்துல எரிமலை எண்டா களிமண்ணால ஒரு கூம்பு செஞ்சு அப்பச்சோடாவப் போட்டு வினாகிரிய ஊத்தி நுரை தள்ளவச்சுத்தான் படிப்பிச்சன். ஒரு தரம் பின் வாங்குல இருந்த பொடியன் ஒழும்பி "சேர், உண்மையான எரிமலைக்குள்ள அப்பச்சோடா ஆரு போட்ட?" எண்டு கேட்டான். வகுப்பே சிரிச்சிச்சு, எனக்கு வாய் அடைச்சுப் போச்சு, ஏனெண்டா அவன் கேட்டது சரி. மக்மாக்குள்ள அமிலமும் காரமும் சண்டை பிடிக்கிறதில்ல, அதுக்குள்ள கரைஞ்சு கிடக்கிற நீராவியும் காபனீரொட்சைட்டும் மேல வரக்குள்ள அமுக்கம் குறைஞ்சு பிரியிறதாலதான் பொங்குது, சோடாப் போத்தல் மூடியத் திறந்தா வாற மாதிரி.

களப்பயிற்சியில திருத்துறது இந்தக் குறையத்தான். அமெரிக்காவுல சென்ற் ஹெலன்ஸ் எண்டு ஒரு எரிமலை, 1980 மே 18 காலைல வடக்குப் பக்கம் அப்படியே சரிஞ்சு பக்கவாட்டுல வெடிச்சது, 57 பேர் செத்தாங்க, மலை 400 மீற்றர் அளவுல கட்டையாகிட்டு. அப்படியான ஒரு இடத்துக்கு ஆசிரியர்மார கூட்டிப் போனா நல்ல பயிற்சியாளர் உடன விளக்கம் சொல்ல மாட்டார். முதல்ல கொப்பிய எடுங்க, தெரியிற சாம்பல் படைய வரைங்க, ஸ்கேல வச்சு அளங்க, மறுகா கதைப்பம் எண்டுவார். எரிமலை வாய்க்குக் கிட்ட சாம்பல் படை தடிப்பா, துகள் பெரிசா இருக்கும், தூரப் போகப் போக மெல்லிசாகி மாவு மாதிரி வரும். பத்து இடத்துல அளந்தா வாய் எந்தப் பக்கம், அண்டைக்கு காத்து எங்கால அடிச்ச எண்டு அந்த டீச்சரே சொல்லிருவாங்க.

இதச் செய்ய நமக்கு எரிமலை வேணுமா? நெல்லுத் தூத்துறதப் பாக்காத பிள்ளை நம்மட பக்கம் குறைவு. சுளகால நெல்ல சரிக்கக்குள்ள மணி காலடியில விழுது, அரைப்பதர் கொஞ்சம் அங்கால, பதரும் தூசும் காத்தோட போய் வேலிக்கரையில. பள்ளிக்கூட மைதானத்துல நாலு பழைய பேப்பர விரிச்சுப்போட்டு அதச் செய்யுங்க, எந்தப் பேப்பர்ல என்ன விழுந்த எண்டு அளக்கச் சொல்லுங்க. ஆள் எங்க நிண்டு தூத்தின எண்டு பாக்காத இன்னொரு குழுவக் கூப்பிட்டு கண்டுபிடிக்கச் சொன்னா, அதுதான் டீச்சர் நீங்க கேட்ட களப்பயிற்சி.

லாவா, அதான் வெளிய வந்த மக்மா, அதக் காட்ட கஞ்சி போதும். தண்ணி கொதிக்கக்குள்ள குமிழி சும்மா வந்து உடையும், கட்டிக் கஞ்சியில குமிழி மாட்டுப்பட்டு பொளக் பொளக்கெண்டு வெடிச்சு அடுப்படிச் சுவர் வரைக்கும் தெறிக்கும். லாவாவ கட்டியாக்கிறது சிலிக்கா, மணல்ல இருக்கிற அதே பொருள். ஹவாய்ல சிலிக்கா குறைஞ்ச லாவா, ஆறு மாதிரி ஓடும், சென்ற் ஹெலன்ஸ் கட்டிக் கஞ்சி.

இன்னொண்டு, எரிமலையால நமக்கு ஒண்டும் வராது எண்டும் நினைக்காதீங்க. 1883 ஆகஸ்ட் 27 இந்தோனேசியாவுல கிரகட்டோவா வெடிக்கக்குள்ள கடல் நம்மட கரைக்கும் வந்த, அறுகம்குடாவுல ஒரு பொம்பிளை அதால செத்ததா பதிவு இருக்கு. 2004 சுனாமி வேற, அது பூமியதிர்ச்சி. ரெண்டையும் பிள்ளைகள் குழப்புவாங்க, பெரியாக்களும்தான்.

மகாஓயாக்கு தாராளமாக் கூட்டிப் போங்க. கிணத்துக்குக் கிணறு சூடு வேற, ஒவ்வொண்டையும் அளந்து எழுதட்டும், 50 பாகைக்கு மேல போற கிணறும் இருக்கு, அதால கைய விடாமப் பாத்துக்கொள்ளுங்க. "எரிமலையால இல்லயெண்டு எப்பிடித் தெரியும்?" எண்டு அங்க வச்சே கேளுங்க, நீங்க பதில் சொல்லிராதீங்க. ஆய்வுகூடத்து 110 பாகைத் தேமாமீற்றர் கொண்டு போகணும், காய்ச்சல் பாக்கிறது 42க்கு மேல காட்டாது, நான் முதல் தரம் அதத்தான் கொண்டு போய் முழிச்சன். செங்கலடியால பதுளை ரோட்டு, மாரி தொடங்க முதல் போங்க, பின்னேரம் பொழுது சாய முதல் கிறுகிருங்க, யானை வாற ரோட்டு அது.