அட்டையின் மேல்மூலை

அவையோர்க்கு வணக்கம். ஆய்வேடு எழுதத் தொடங்கும் மாணவர்களிடம் பேச வேண்டும் என்று என்னை அழைத்தபோது, என் ஆய்வின் முடிவுகளைவிட, மாணவனாக நான் குறிப்பெடுத்த முறையையும் அதில் நேர்ந்த பிழையையும் சொல்வதே உங்களுக்குப் பயன்படும் என்று தோன்றியது.

கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களையும் இதழ்களையும் அடித்தளமாகக் கொண்டு 1994இல் சென்னையில் உருவான ஆராய்ச்சி நூலகத்தில்தான் என் வாசிப்பின் பெரும்பகுதி நடந்தது. 1930களின் இதழ்களில் வந்த நூல் மதிப்புரைகளை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். நுண்படக் (மைக்ரோஃபிலிம்) கருவியின் முன் அமர்ந்து, பக்கம் பக்கமாக நகர்த்தி, வேண்டியதைக் கோடு போட்ட அட்டையில் எழுதிக்கொள்வேன்; ஒரு நாளைக்கு எத்தனை அட்டை சேர்ந்தது என்பதே அப்போது எனக்கு அளவுகோல்.

மூன்றாம் இயலில் ஒரு மதிப்புரையின் வாசகம் என் வாதத்துக்கு அச்சாணியாக இருந்தது. அட்டையை எடுத்துப் பார்த்தால் நான்கு வரிகள், நீல மை, மேற்கோள் குறி இல்லை, மேல்மூலையில் ‘ஆடி’ என்ற ஒரே சொல். எந்த ஆண்டின் ஆடி என்று எழுதவில்லை. ஆறு நாள் தேடி அந்தப் பக்கத்தைக் கண்டெடுத்தபோது, முதல் வரி மட்டுமே மதிப்புரையாளருடையது என்றும், மற்ற மூன்றும் படிக்கும்போது என் மனத்தில் ஓடியவை என்றும் தெரிந்து திகைத்துப்போனேன். என் சொல்லையே சான்றாக்கி என் கருத்தை நிறுவியிருக்கிறேன்! அந்த இயலில் பதினொரு பக்கங்களை நீக்கினேன்.

சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்த உ.வே. சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையோடு பட்ட பாடு அப்போதுதான் எனக்கு விளங்கியது. பழைய பாடலடிகளைக் காட்டிவிட்டு, நூற்பெயர் சொல்லாமல் ‘என்றார் பிறரும்’ என்று உரையாசிரியர் நகர்ந்துவிடுவார். அந்தப் பிறர் யாரென்ற தேடல் ஐயரைச் சங்க நூல் ஏடுகளிடம் கொண்டு சேர்த்தது. 1887இல் சிந்தாமணியும் 1889இல் பத்துப்பாட்டும் அச்சேறின. உரையாசிரியர் காலத்துக் கற்றோருக்கு அந்நூல்கள் நாவில் இருந்திருக்கும் என்பதால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. என் அட்டைக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

அதன்பின் மேல்மூலையை நிரப்பாமல் அட்டையில் ஓர் எழுத்தும் எழுதியதில்லை. பிறர் சொல் முன்பக்கத்தில், மேற்கோள் குறிக்குள், மையில் இருக்கும். என் எண்ணம் பின்பக்கத்தில் பென்சிலில் இருக்கும். விடுதிக்குத் திரும்பியதும் பின்பக்கங்களை மட்டும் அடுக்கி, அன்றிரவே ஒரு பக்கமாவது எழுதிப் பார்ப்பேன். எல்லாவற்றையும் படித்து முடித்த பிறகு எழுதலாம் என்று இரண்டாண்டு ஒத்திப்போட்டவனுக்கு, அடுத்து எதைப் படிக்க வேண்டும் என்பதை அந்த இரவுப் பக்கங்களே காட்டின.

நீங்கள் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்கிறீர்கள். படத்தில் பக்க எண் விழுந்திருக்கிறதா, இதழின் முகப்பையும் எடுத்தீர்களா என்பதை நூலகத்தை விட்டு வெளியேறும் முன் பாருங்கள். அந்த ‘ஆடி’ அட்டையைக் கொண்டுவந்திருக்கிறேன். முன்வரிசையில் தருகிறேன், ஒவ்வொருவராகக் கைமாற்றிப் பாருங்கள்.